கரினோ வீட்டு மணப்பெண்ணின் முகம்

1952 அக்டோபர் 5: அரிசி மூன்று படி, முட்டை பத்து.
1959 ஜூன் 20: 1,800 யென்.
1961 நவம்பர் 3: கூலி இல்லை. கோயில் உண்டியலில் போட்டது 300 யென்.
1968 மார்ச் 12: 42,000 யென்.
1976 ஆகஸ்ட் 16: கூலி இல்லை. தபால் செலவு 340 யென்.

தொயோமி வரைந்த மனித முகங்களில் குறித்து வைக்க வேண்டியவை இந்த ஐந்துதான். மற்றபடி குழந்தைகளின் படப் புத்தகங்களில் அவள் நரியும் காக்கையும் கரடியும் வரைந்தாள். நரியை நம்பலாம், அது யார் மாதிரியும் இருந்துவிடாது என்று தன் கணவனிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறாள். அவன் அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டான்.

அவள் பிறந்தது யாமகாத்தா மலையில், மல்பெரித் தோட்டங்களுக்கு நடுவே இருந்த ஒரு சிறிய ஊரில். வருடம் 1938. அப்பா கரி மூட்டம் போடுகிறவர். அம்மா யோஷினோ வீட்டுப் பரணில் பட்டுப்புழு வளர்த்தாள். புழுத் தட்டுகளின் அடியில் விரிக்கப் பழைய செய்தித்தாள் வரும். கரித்துண்டுக்கு அந்த வீட்டில் பஞ்சமில்லை. தாளை விரிக்குமுன் தொயோமி அதில் முகம் வரைவாள். மறுநாள் எடுத்துப் பார்த்தால் புழுக்கள் ஊர்ந்த இடமெல்லாம் கண்ணும் வாயும் கரைந்திருக்கும். அவள் அதைப் பார்த்து அழுததில்லை. புதுத்தாளில் மறுபடி வரைவாள்.

ஒன்பது வயதில் மல்பெரிக் கிளை வெட்டும்போது அரிவாள் நழுவி இடது கைக் கட்டைவிரலின் அடியில் வெட்டிவிட்டது. மேல் வரப்பிலிருந்து ஓடி வந்தவள் கரினோ வீட்டுத் தாத்சு. கணவனை இழந்தவள். அவளுடைய ஒரே மகன் கென்சாகு பத்தொன்பது வயதில், 1944 நவம்பரில், தெற்குக் கடலில் கப்பலோடு போனவன். அவன் எலும்பு என்று ராணுவத்திலிருந்து வந்த பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு கூழாங்கல்தான் இருந்தது. தாத்சு தன் தலைத்துண்டைக் கிழித்துக் கட்டுப் போட்டாள்.

"அழாதேடி. ஆழமாப் போகல. தழும்பு நிக்கும், அவ்வளவுதான். நல்லதுதான் போ, நீ காணாமப் போனாக் கண்டுபிடிக்க லேசு."

அந்த மலைப்பக்கத்தில் கல்யாணம் ஆகாமல் செத்தவர்களுக்குப் படத்தில் கல்யாணம் செய்து வைப்பார்கள். மாப்பிள்ளையின் பக்கத்தில் ஒரு மணப்பெண்ணை வரைந்து, மலைக்கோயில் சுவரில் மாட்டிவிட்டால், போன இடத்தில் அவன் தனியாக இருக்க மாட்டான். அதற்கு ஒரே ஒரு விதி உண்டு. மணப்பெண் யாருமாக இருக்கக் கூடாது.

தொயோமிக்குப் பதினான்கு வயதானபோது தாத்சு அவர்கள் வீட்டுக்கு வந்தாள்.

"பட்டணத்து ஓவியன் நாலாயிரம் கேக்கறான் யோஷினோ. நாலாயிரத்துக்கு நான் எங்க போவேன்? உம் பொண்ணு புழுவுக்கெல்லாம் படம் போட்டுத் தர்றா. எம் புள்ளைக்கு ஒண்ணு போட மாட்டாளா?"

"சின்னப் பொண்ணுக்கா அவ. இதெல்லாம் பெரியவங்க சமாச்சாரம்."

"கை நல்லா ஓடுது. வயசு எதுக்கு?"

பக்கத்து வீட்டுக்காரி, மகனைப் பறிகொடுத்தவள். முடியாது என்று சொல்ல யோஷினோவுக்கு வாய் வரவில்லை. தாத்சு போன பிறகு மகளை உட்கார வைத்துச் சொன்னாள்.

"கேட்டுக்கோ. மாப்பிள்ளைக்கு ஃபோட்டோ இருக்கு, பார்த்துப் போடு. பொண்ணை மட்டும் யாரையும் பார்த்துப் போடாதே. உசுரோட இருக்கறவ முகம் ஒரு துளி வந்தாலும் போச்சு. அவன் வந்து கூட்டிட்டுப் போயிடுவான்."

"யார் மாதிரியும் இல்லாம எப்படிம்மா ஒரு முகம் இருக்கும்?"

"அதை நீதான் பார்த்துக்கணும்."

தொயோமி பரணில் உட்கார்ந்து வரைந்தாள். சாயங்காலமானால் இறங்கி ஊரைச் சுற்றுவாள். ஓடையில் துணி அலசுகிறவர்கள், பட்டுக்கூடு எடைபோடும் இடத்தில் நிற்கிறவர்கள், பள்ளிக்கூடத்துப் பெண்கள் என்று ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து திருத்துவாள். கண் வாத்தியார் மனைவியின் சாயலில் வந்திருந்தது, மாற்றினாள். மோவாய் கடைக்காரன் மகளுடையதாக இருந்தது, அழித்தாள். கடைசியில் வந்து நின்ற முகம் அந்த ஊரில் அவள் பார்த்த யாருடையதும் இல்லை. அந்த வீட்டில் இருந்த ஒரே கண்ணாடி அம்மாவின் பெட்டிக்குள் இருந்தது. புத்தாண்டுக்குத்தான் வெளியே வரும்.

படத்தை வாங்க வந்த தாத்சு வெகுநேரம் அதைப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கி ஒரு தடவை தொயோமியைப் பார்த்தாள். "வந்துட்டா" என்று மட்டும் சொன்னாள். அரிசியையும் முட்டையையும் வைத்துவிட்டு, படத்தைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு போய்விட்டாள்.

கோயிலில் அதை மாட்டிய அன்றுதான் யோஷினோ படத்தை வெளிச்சத்தில் பார்த்தாள். பக்கத்தில் நின்ற மகளின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். மலை இறங்கும் வரை விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து கண்ணாடியை எடுத்து மகள் கையில் கொடுத்தாள்.

"பாரு."

தொயோமி பார்த்தாள். கரினோ வீட்டு மணப்பெண் கண்ணாடிக்குள்ளிருந்து அவளைப் பார்த்தாள்.

அந்தப் புத்தாண்டுக்குத் தாத்சு சிவப்புப் பயறு போட்ட சோறு கொண்டு வந்தாள். கல்யாண வீட்டுச் சோறு அது. "மருமகளுக்கு" என்றாள்.

"விளையாடாதீங்கக்கா" என்றாள் யோஷினோ.

"யாரு விளையாடறா?" தாத்சுவின் முகத்தில் கோபமில்லை, சிரிப்புமில்லை. "இவளைக் கேட்டுத்தானே அவன் இத்தனை வருஷம் காத்திருந்தான்? ஏண்டி, இனிமே பெரியம்மான்னு கூப்பிடாதே. அத்தைன்னு கூப்பிடு."

சேதி பள்ளிக்கூடம் வரை போயிற்று. "கென்சாகு பொண்டாட்டி, வீட்டுப்பாடம் எழுதிட்டியா? இல்ல, மாப்பிள்ளை எழுதித் தர்றாரா?" என்று பெண்கள் கேலி செய்தார்கள். கேலி செய்தவர்களே அவள் பக்கத்தில் உட்காரப் பயந்தார்கள். அந்தப் பனிக்காலத்தில் அவளுக்கு நெஞ்சுச்சளி கட்டி மூச்சு முட்டியபோது, ஊரே அடுத்து என்ன சேதி வரும் என்று காத்திருந்தது. பிழைத்துக்கொண்டாள். ஆனாலும் 1955 வசந்தத்தில் யோஷினோ மகளைத் தோக்கியோ ரயிலில் ஏற்றிவிட்டாள். "திரும்பி வராதே. நான் செத்தாலும் வராதே" என்பதுதான் வழியனுப்பிச் சொன்ன வார்த்தை.

தோக்கியோவில் ஒரு பைண்டிங் கடையில் குழந்தைப் பத்திரிகைகளின் தாள் மடிக்கும் வேலை. வீணான தாள்களின் பின்பக்கத்தில் தொயோமி நரிகள் வரைந்தாள். 1959இல் ஒரு ஓவியர் சொன்ன தேதிக்குப் படம் தராமல் கைவிட்டபோது, தாள் வாங்க வந்த பதிப்பாசிரியர் குசுமி அந்த நரிகளைப் பார்த்துவிட்டார். அப்படித்தான் முதல் புத்தகம் வந்தது. நரிக்குச் சோறு போடும் ஒரு சிறுமியின் கதை.

"நரி பிரமாதம்" என்றார் குசுமி. "ஆனா இந்தப் பொண்ணு நீங்கதானே? எல்லாப் பக்கத்துலயும் நீங்களே நின்னுக்கிட்டிருக்கீங்க."

"நான் யாரையும் பார்த்து வரையலையே."

"பார்த்து வரைஞ்சா வேற முகம் வரும். பார்க்காம வரைஞ்சா அவங்கவங்க முகம்தான் வரும். எனக்குத் தெரிஞ்ச எல்லா ஓவியருக்கும் இந்த வியாதி உண்டு. இதுக்குப் போய் ஏன் இப்படி வெளுத்துப் போறீங்க?"

ஊரிலிருந்து ஒவ்வொரு பனிக்காலமும் காய்ந்த சீமைப் பனிச்சைப்பழம் ஒரு கட்டு வரும். மேலே தாத்சுவின் கோணல் எழுத்தில் "கரினோ வீட்டு மருமகளுக்கு" என்றிருக்கும். விலாசத்தை யோஷினோ கொடுத்திருக்க மாட்டாள். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அச்சகத்தின் விலாசம் இருந்தது.

அந்த அச்சகத்தில் அச்சுத் தகடு செய்கிறவன் ஹருயோஷி. அதிகம் பேசாதவன். 1961 கோடையில் அவர்கள் கல்யாணம் செய்துகொள்வதாக முடிவு செய்தார்கள். தொயோமி ஊருக்குச் சொல்லவில்லை. சொல்லாமலே பனிச்சைக் காலத்துக்கு முன்னால் ஒரு அஞ்சலட்டை வந்தது: "எங்க வீட்டுப் பொண்ணுக்கு ரெண்டாவது கல்யாணமாமே." அது வந்த வாரத்தில் ஹருயோஷியின் சட்டைக் கையை அச்சு உருளை பிடித்து இழுத்தது. பக்கத்தில் இருந்தவன் மின்சாரத்தை நிறுத்தியதால் தோள்பட்டை விலகியதோடு போயிற்று.

அம்மாவின் வார்த்தையை மீறித் தொயோமி ரயிலேறினாள். ஊருக்குள் போகாமல் நேராக மலைக்கோயிலுக்குப் போனாள். பெட்டியில் வண்ணமும் மூன்று தூரிகையும் இருந்தன.

கோயில் குரு அவள் முகத்தையும் சுவரிலிருந்த படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "காணிக்கை குடுத்த படத்தைத் தொடக் கூடாதும்மா. அந்த வீட்டுக்காரங்க சொன்னாத்தான் நானே இறக்கலாம்." தீப்பெட்டியை எடுத்துக்கொண்டார். "பின்னாடி சருகு கூட்டி வெச்சிருக்கேன். எரிச்சு முடிக்க ரெண்டு மணி நேரம் ஆகும். எனக்குக் காதும் சரியாக் கேக்காது."

இந்த முறை அவள் குசுமி சொன்னதை மறக்கவில்லை. தன் முகத்தில் உருண்டை எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் நீட்டினாள். புருவத்தை மெல்லியதாக்கி மேலே ஏற்றினாள். கண்ணாடியை முழங்காலில் வைத்துக்கொண்டு, வரைந்தது தன்னிடம் இல்லை என்பதைச் சரிபார்த்த பிறகே அடுத்த கோட்டைப் போட்டாள். யாருடையதும் இல்லை என்பது உறுதிப்படட்டும் என்று, வலது கன்னத்தில் மட்டும் ஒரு குழியும் இடது காதுமடலில் ஒரு மச்சமும் வைத்தாள். உயிரோடிருக்கும் யாருக்கும் அந்த முகம் இல்லை என்ற நிச்சயத்தோடு இறங்கி வந்தாள். பிறக்கப் போகிறவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்க யாராலும் முடியாது.

கல்யாணம் நடந்தது. அந்தப் பனிக்காலம் பழம் வரவில்லை, ஒரு வரி வந்தது: "முகத்தை மாத்திட்டே. சரி. மாத்தின முகம் யாருதுன்னு காலம் சொல்லும்." அதன் பிறகு ஆறு பனிக்காலம் தாத்சுவிடமிருந்து ஒன்றுமே இல்லை.

1963 மே மாதம் மகள் பிறந்தாள். பெயர் மிசாவோ. ஹருயோஷியின் நீண்ட முகம், மேலேறிய புருவம். அவனைத் தினமும் பார்த்துப் பழகிய கண்தான் கோயிலில் தன் முகத்துக்கு எதிரான முகத்தைத் தேடியது என்பது தொயோமிக்கு அப்போது தோன்றவில்லை. குழந்தை சிரித்தால் வலது கன்னத்தில் குழி விழுந்தது. எல்லோரும் அழகு என்றார்கள். அவளும் அழகு என்றுதான் நினைத்தாள். கோயில் படத்தை அவள் மறந்திருந்தாள். மறப்பதற்காகத்தானே அவ்வளவு பாடுபட்டது?

1968இல், பனியில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஒரு சிறுமியைப் பற்றிய புத்தகத்துக்கு, இத்தனை வருடத்தில் முதல் முறையாக உயிரோடிருக்கும் ஒரு முகத்தைப் பார்த்து வரைந்தாள். மிசாவோவை உட்கார வைத்து வரைந்தாள். புத்தகம் நன்றாகப் போயிற்று. அந்தப் பனிக்காலம் பழக்கட்டு வந்தது. உள்ளே ஒரு துண்டுத்தாள்.

"இந்த வருஷப் புத்தகத்துல எங்க மருமக வந்திருக்கா. எவ்வளவு வளர்ந்திருக்கா?"

தொயோமிக்கு முதலில் புரியவில்லை. பிறகு மகளைக் கூப்பிட்டாள். ஜன்னலோரம் நிற்க வைத்து, காதை மறைத்த முடியை ஒதுக்கினாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. அசையாம நில்லு."

மடலில் எள் அளவு மச்சம். அது எப்போது வந்தது என்று அவளுக்குத் தெரியாது.

பழத்தை அவள் கொல்லையில் புதைத்தாள். அடுத்த வருடம் வந்ததைப் புதைப்பதற்கு முன் மிசாவோ எடுத்து ஒன்றைத் தின்றுவிட்டாள். "நல்லா இருக்கும்மா. யாரு அனுப்பறாங்க?" அடுத்து வந்த ஆகஸ்டில் குழந்தைக்கு மூன்று நாள் காய்ச்சல். அதற்கடுத்த ஆகஸ்டிலும் மூன்று நாள். இறந்தவர்கள் வீட்டுக்கு வந்து போகும் ஒபோன் நாட்கள், தோக்கியோவில் ஜூலையிலேயே முடிந்துவிடும். காய்ச்சல் வந்தது மலையூரின் ஒபோனுக்கு. வைத்தியர் உஷ்ணம் என்றார். நான்காம் நாள் தானாக விட்டுவிடும். ஆனால் ஒவ்வொரு வருடமும் சூடு கொஞ்சம் கூடியது.

தொயோமி அதன் பிறகு குழந்தைகளின் முகத்தை வரையவில்லை. அவள் புத்தகங்களில் எல்லாக் குழந்தைகளும் முதுகைக் காட்டி நின்றார்கள். "உங்க புத்தகத்துல எல்லாப் புள்ளைங்களும் கோவிச்சுக்கிட்டுப் போறாப்புலயே இருக்கு" என்றார் குசுமி. விமரிசனம் எழுதியவர்கள் அதை ஒரு புதுப் பாணி என்றார்கள். அதற்காக ஒரு பரிசும் கொடுத்தார்கள்.

செத்தவனுக்கு முப்பத்துமூன்றாம் வருடத் திதி கொடுத்துவிட்டால் அவன் தனி ஆளாக இருப்பது தீர்ந்து மூதாதையரோடு கலந்துவிடுவான். அன்று அந்த வீட்டார் சொன்னால் படத்தை இறக்கி எரிக்கலாம். செத்த வருடத்தையும் சேர்த்து எண்ணினால் கென்சாகுவுக்கு அது 1976 நவம்பரில். அந்த மே மாதம் தொயோமி தாத்சுவின் வீட்டு வாசலில் போய் நின்றாள். மிசாவோவுக்குப் பதின்மூன்று முடிந்திருந்தது.

தாத்சுவுக்கு எண்பத்தொன்று. கூன் விழுந்திருந்தது, கண் மட்டும் மங்கவில்லை. பூஜை மாடத்தில் கென்சாகுவின் ஃபோட்டோவுக்கு முன்னால் தொயோமியின் புத்தகங்கள் ஒன்று விடாமல் அடுக்கியிருந்தன.

"வா. இருபத்தொரு வருஷமா வழி தெரியலையா? ஒத்தையிலயா வந்தே?"

"ஒத்தையிலதான் வந்தேன், பெரியம்மா."

"இன்னும் பெரியம்மாதானா." தாத்சு தேநீர் ஊற்றினாள். "எதுக்கு வந்தேன்னு தெரியும். எரிக்கச் சொல்லணும். அதானே?"

"அவ குழந்தை. அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

"எம் புள்ளையும் குழந்தைதான். மீசை கூட சரியா வரல." கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள். "சரி, எரிக்கிறேன். திதியன்னிக்கு எங்கையாலயே நெருப்புல போடறேன். அதுக்கு முன்னாடி ஒபோனுக்கு அவளை இங்க கூட்டிட்டு வா. ஒரு வாய் சிவப்புச் சோறு. இந்த மாடத்துக்கு முன்னாடி உக்காந்து தின்னட்டும். நான் பார்க்கணும்."

அந்தச் சோற்றைத் தின்றவள் எந்த வீட்டைச் சேர்ந்தவள் என்பது இருவருக்கும் தெரியும்.

"முடியாது" என்றாள் தொயோமி.

"அப்ப தொங்கட்டும். எனக்கப்புறம் இந்த வீட்ல ஆளில்ல. எரின்னு சொல்ல ஒரு நாதி கிடையாது. அது பாட்டுக்குத் தொங்கும். அவளும் வருஷா வருஷம் வளருவா."

தொயோமி எழுந்தாள். செருப்பு மாட்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது, தனக்குத்தானே பேசுகிற மாதிரி.

"அவனுக்கு இப்ப அம்பத்தொண்ணு. மருமக மூஞ்சி ரெண்டு தடவை பார்த்துட்டேன். பெத்த புள்ளைக்கு அம்பது வயசுல மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியல. நெனச்சு நெனச்சுப் பார்க்கறேன், வரமாட்டேங்குது."

தொயோமி திரும்பி வந்தாள். கென்சாகுவின் ஃபோட்டோவையும் அவன் அப்பாவின் ஃபோட்டோவையும் மாடத்திலிருந்து இரவல் கேட்டாள். தாத்சு எடுத்துக் கொடுத்தாள்.

அந்தக் கோடை முழுவதும் தொயோமி வேறு வேலை எடுக்கவில்லை. ஒரே ஒரு பிரதியாக ஒரு படப் புத்தகம் செய்தாள். பதினாறு பக்கம், எழுத்துக் கிடையாது. கப்பலில் போகாத கென்சாகு. இருபத்து மூன்றில் மல்பெரி வெட்டுகிறான். முப்பதில் கூரை மேல் ஏறிப் பனி தள்ளுகிறான். அவன் அப்பாவுக்கு நெற்றி ஏறியது போலவே அவனுக்கும் ஏறுகிறது. நாற்பதில் கண்ணோரம் தாத்சுவின் சுருக்கம் விழுகிறது. செத்தவர் முகத்தை வரையத் தடையில்லை. பல பக்கங்களில் அவனோடு ஒரு பெண்ணும் இருந்தாள், எல்லாவற்றிலும் முதுகுதான். அடுப்பைப் பார்த்து நின்றாள், ஓடையைப் பார்த்துக் குனிந்திருந்தாள்.

கடைசிப் பக்கத்தில் ஐம்பத்தொரு வயதுக் கென்சாகு சாப்பிட உட்கார்ந்திருந்தான். ஓரத்திலிருந்து ஒரு கை அவனுக்குச் சோற்றுக் கிண்ணம் நீட்டியது. அந்தக் கையைத் தொயோமி நான்கு தடவை வரைந்தாள். யாருடைய கையும் இல்லை. நன்றாகவும் இருந்தது. ஆனால் யாருமில்லாத ஒருத்தியை வாங்கிக்கொண்டு தாத்சு அந்தப் படத்தை எரிக்க மாட்டாள் என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

ஆகஸ்ட் 15. அடுத்த அறையில் மிசாவோ காய்ச்சலில் கிடந்தாள். அந்த வருடம் அவள் முனகியதில் ஒரு வார்த்தை புதிதாக இருந்தது. "வந்துட்டேன்" என்றாள்.

தொயோமி மேசைக்குத் திரும்பினாள். நான்கு தாளையும் கிழித்துப் போட்டாள். இடது கையை மேசை மேல் விரித்து வைத்தாள். நன்றாகப் பார்த்து, ஒரு நரம்பு விடாமல், கட்டைவிரலின் அடியிலிருந்த அரிவாள் தழும்போடு வரைந்தாள். மறுநாள் தபாலில் சேர்த்தாள். வீட்டுக்கு வந்தபோது மிசாவோ எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்றாள்.

செப்டம்பரில் பதில் இல்லை. அக்டோபரிலும் இல்லை. திதி நாள் வந்து போயிற்று. ஹருயோஷி, "ஏன் தபால்காரனைப் பார்த்தாலே எந்திரிச்சு நிக்கறே?" என்று கேட்டான்.

பிறகு ஒரு தடித்த உறை வந்தது. கோணல் எழுத்து, இன்னும் கோணியிருந்தது. உறையின் மேல் மருமகளுக்கு என்று இல்லை, தொயோமிக்கு என்று இருந்தது. உள்ளே அவள் இரவல் வாங்கிப் புத்தகத்தோடு திருப்பி அனுப்பிய ஃபோட்டோக்களில் ஒன்று, கென்சாகுவுடையது. அதோடு ஒரு தாள்.

"படத்தை எரிச்சாச்சு. எங்கையாலயே போட்டேன். புத்தகத்தை நான் போறப்ப கூட வெச்சு எரிக்கச் சொல்லியிருக்கேன், ஜாஸ்தி நாள் ஆகாது. கடைசிப் பக்கத்துக் கை நான் கட்டுப் போட்ட கை. தெரிஞ்சுக்கிட்டேன். அவன்கிட்டயும் சொல்லிட்டேன். உம் பொண்ணை இனிமே யாரும் கேக்க மாட்டாங்க. நீ அவசரப்படாதே. நல்லா கிழவியாகி நிதானமா வா. அவன் காத்திருப்பான்."

தொயோமி கென்சாகுவின் ஃபோட்டோவை வரைமேசையின் இழுப்பறையில் வைத்தாள். தாத்சுவிடமிருந்து அதன் பிறகு வேறு கடிதம் இல்லை. இந்தக் கடைசிக் கடிதம் வந்து சேர்ந்தது 1976 நவம்பர் 27.